வழி தேடுங் கணக்கில் உத்திகளின் கூட்டு

நல்ல உத்திகள் இரண்டினை ஒருங்கு சேர்ப்பின் நன்மையும் இரட்டிக்கும் என்பது எளிதில் தோன்றும் எண்ணம். வீதிகள் செறிந்த ஒரு நாட்டில், ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குக் குறுகிய வழி காணுங் கணக்கோ இவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கின்றது.

இக்கணக்குக்கு அடிப்படை வகுத்தவர் ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்திரா. அவர் 1956இல் கண்டு 1959இல் வெளியிட்ட முறை, குளத்தில் எறிந்த கல்லைச் சுற்றி அலை பரவுமாறு போல, புறப்பட்ட இடத்துக்கு அண்மையிலுள்ள சந்தி முதலாக எல்லாத் திசையிலும் பரவிச் செல்வது. பிழையற்றது, ஆயின் வேண்டாத திசையிலும் அத்துணை உழைப்பைச் செலவிடுவது. அவ்வீணுழைப்பைக் குறைக்கவே பின்னை உத்திகள் எழுந்தன. எஞ்சிய தூரத்தை மதிப்பிட்டு இலக்கினை நோக்கிச் செல்லுதல் ஒன்று. 1968இல் ஹார்ட், நில்சன், ராபயேல் என்போர் அதனை வகுத்தனர். இரு முனைகளினின்றும் தேடி இடையிற் சந்தித்தல் மற்றொன்று.

இவ்விரண்டையும் ஆராயாது இணைப்பின் இடர் விளையும். இரு திசைத் தேடலும் தத்தமக்கு வெவ்வேறு மதிப்பீடு கொள்ளுமாயின், ஒரு சந்தியை இரண்டும் முடிவுசெய்தவுடன் தேடலை நிறுத்தும் உரிமை போய்விடும். அவ்வுரிமையை மீட்க இரு மதிப்பீடுகளையும் முரணாதவாறு சராசரி கொள்ளலாம். அப்பொழுது மதிப்பீடு வலுக்குன்றும்.

இந்நிலையில் பவுவர், டெல்லிங், சாண்டர்ஸ், ஷீபடெக்கர், ஷூல்ட்டஸ், வாக்னர் ஆகிய அறுவர் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஊன்றிப் படித்தற்குரியது. அவர்கள் எடுத்துக்கொண்டவை இருவகை உத்திகள். ஒருவகை, சந்திகளைத் தரப்படுத்தி, சிறு தெருச் சந்திகளை முன்னதாக நீக்கி, அவற்றுக்கு ஈடாகக் குறுக்கிணைப்புக்களை இட்டு வைப்பது. மற்றவகை இலக்கு நோக்கியது. நாட்டைப் பல பகுதிகளாக வகுத்து, இன்ன பகுதிக்குச் செல்லுங் குறுவழி இவ்வீதித்துண்டில் தொடங்குமா, தொடங்காதா என்று ஒவ்வொரு துண்டுக்கும் முன்னரே குறியிட்டு வைத்தல் அவ்வகையினது. இக்குறிகளை நாடு முழுமைக்கும் இடுதல் பெருஞ் சுமை.

கட்டுரையாசிரியர் கண்ட தீர்வு எளிது: சிறு தெருக்கள் நீங்கியபின் எஞ்சும் மேற்றளத்துக்கு மட்டும் குறியிட்டாற் போதும். கீழ்த்தளத்திலே தேடல் சிறிது தூரமே செல்வதால் ஆங்குக் குறியின்மையாற் பேரிழப்பில்லை. முன்னாயத்த நேரமும் நினைவக இடமுஞ் சுருங்குகின்றன. அவர்தம் வேக அளவைகளை வியப்போர் பலர். எம் கருத்தில், ஓர் உத்தியை எங்கே பயன்படுத்தலாகாது என்று அறிந்த அவ்வடக்கமே கட்டுரையின் உயிர்.

குறையும் உண்டு. சோதனை, கூட்டுப் பயன்தருகின்றது என்று காட்டுமேயன்றி, ஏன் பயன்தருகின்றது என்று நிறுவாது. வேறுபட்டனபோலத் தோன்றும் சில உத்திகளின் வேகத்துக்குப் பொதுவானதொரு நிறுவலை அதே 2010இல் ஏப்ரஹாம், பியாற், கோல்ட்பேர்க், வேர்ணெக் என்போர் தந்தனர். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் நன்று.

வெள்ளத்தால் ஒரு வீதி மூடப்படும் நாளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னரே இட்ட குறிகள் அன்று பிழையாகலாம். சில நிலைக்குறி இடங்களினின்று அளந்த தூரங்களைக்கொண்டு செய்யும் மதிப்பீடோ, பயணநேரம் கூடுமளவும் கீழெல்லையாகவே நிற்கும், தளருமேயன்றிப் பொய்க்காது. ஆதலின், அன்றன்று மாறும் வீதிகளுக்குக் கூட்டாளியாகக் கொள்ளத்தக்கது இம்மதிப்பீடே என்பேம். அதனோடு இணையுங் குறுக்கிணைப்புக்களோ, மூடிய வீதியைத் தொடுவனவாயின், மீளக் கணித்தற்குரியன.