பம்ப் சீலை உடைச்சா 2515 வண்டி 2520 ஆகுமா?

பழைய டாடா லாரிகளுக்குப் பெயரிலேயே ஜாதகம் இருக்கும். 2515 என்றால் முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை, 25 டன். கடைசி இரண்டு இலக்கம் சுமார் 150 குதிரைத்திறன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர் பக்கம் ஜல்லியும் எம்-சாண்டும் அடிக்கிற பழைய டர்போ வண்டிகளைப் பத்திப் பேச்சு வந்தாலே ஒரு யோசனையும் கூடவே வரும்: "புல்லிங் பத்தலையா? பம்ப் சீலை எடுத்துட்டு டீசலைக் கூட்டி விடு, 200 எச்.பி. வந்துடும்."

இது முழுப் பொய் இல்லை. அதனாலதான் இதை உட்கார்ந்து பிரிச்சுப் பார்க்க வேண்டியிருக்கு.

முதல்ல உண்மைப் பகுதி. மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் எஞ்சினில் உள்ளே போகும் டீசலின் அளவுதான் பவரை முடிவு செய்கிறது. கம்பெனி ஒரு அளவில் ஸ்க்ரூவை நிறுத்தி சீல் வைக்கிறது. அதைத் திருகினால் பவர் கூடும். ஆனால் ஒரு கிலோ டீசல் எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் 18, 20 கிலோவுக்குக் கீழே இறங்கினாலே கரும்புகை தள்ளும். "புகை கக்கினா வண்டி நல்லா இழுக்குது" என்கிறார்கள். அந்தப் புகை எரியாமல் போன டீசல். அதாவது வண்டிக்காரர் காசு.

அடுத்து வெப்பம். கத்திரி வெயிலில் காற்று 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். டர்போ அதை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், 70 சதவீதத் திறனில் வெளியே வரும் காற்று சுமார் 135 டிகிரி. இன்டர்கூலர் வைத்து 60 டிகிரிக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் 22 சதவீதம் அதிகக் காற்று உள்ளே போகும். இன்டர்கூலர் இல்லாத வண்டியில் டீசலை மட்டும் கூட்டினால், எரிக்கக் காற்று இல்லாமல் புகைபோக்கிப் பக்கம் சூடு ஏறும். டர்பைனுக்கு முன்னால் 700 டிகிரியைத் தாண்டி ரொம்ப நேரம் ஓட்டினால் பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், டர்போ என்று ஒவ்வொன்றாகப் போகும்.

"அமெரிக்காவுல இதே கம்மின்ஸ் 5.9 எஞ்சின்ல 300-க்கு மேல எடுக்கறாங்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. 1989-ல் டாட்ஜ் பிக்கப்பில் வந்தபோது அது 160 குதிரைத்திறன். 1991-ல் இன்டர்கூலர் சேர்த்தார்கள், பவரை ஏற்றவில்லை. 1994-ல் பம்ப்பையே மாற்றினார்கள். 1996-ல் 215. 2004-ல் 325 தொட்டபோது அது 24 வால்வு, காமன் ரெயில் எஞ்சின். பதினைந்து வருஷ வேலையை ஒரு ஸ்க்ரூ டிரைவரின் கணக்கில் எழுத முடியாது. அதோடு, பிக்கப் 25 டன் இழுப்பதில்லை.

சரி, அவ்வளவு பவர் இந்த ஊருக்கு எதுக்கு? சமதரையில் 25 டன் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போக சுமார் 70 குதிரைத்திறன் போதும். 30-க்கு 1 சரிவுள்ள மேம்பாலத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சுமார் 130. ஆக 2515-க்கு அதன் 150 தாராளம். அதே பாலம், அதே வேகம், ஆனால் 35 டன் என்று போட்டுப் பாருங்கள்: 180-ஐத் தாண்டுகிறது. 200 எச்.பி. ஆசை எங்கிருந்து வருதுன்னு இப்போ புரியும். கடைசி இரண்டு இலக்கத்தை மாத்தணும்னு சொல்றவங்க உண்மையில் மாத்த நினைக்கிறது முதல் இரண்டு இலக்கத்தை.

அந்த இலக்கத்தை எந்தப் பம்ப் மெக்கானிக்கும் மாற்ற முடியாது. அது பிரேக் டிரம், ஆக்சில், சேஸிஸ் எல்லாம் சேர்ந்த எண். 60-ல் போகும் 35 டன்னை நிறுத்த, அதே டிரம் 40 சதவீதம் அதிக வெப்பத்தைத் தாங்க வேண்டும். முன்னால் மாமல்லபுரம் போகும் பஸ்ஸோ, பைக்கில் ஒரு குடும்பமோ இருக்கும். சாலைக்கும் அடிதான்: சேதம் ஆக்சில் எடையின் நாலாம் மடியில் ஏறும் என்பது அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையில் கிடைத்த தோராய விதி. 1.4 மடங்கு எடைக்குக் கிட்டத்தட்ட நாலு மடங்கு சேதம்.

பழைய வண்டி இழுக்கலைன்னா முதலில் தேட வேண்டியது தொலைந்துபோன பழைய 150-ஐ. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கசிவு, நாசில் அழுத்தம், டேப்பெட் இடைவெளி, டைமிங், கடைசியாகப் பம்ப்பைக் கம்பெனி அளவுக்கே கலிபரேஷன். இவ்வளவும் முடிந்த பிறகும் பத்தலைன்னா, வண்டியில் லோடு அதிகம்.