புதிரும் புரியாமையும்

புரியவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு: வாசகன் உழைக்க வேண்டும். எதை நம்பி உழைப்பது, உழைத்தபின் அவனுக்கு என்ன கிடைக்கும் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. கவிதையை முன்வைத்து இதைப் பேசத் தொடங்கினால் நான்காவது வாக்கியத்தில் கோஷ்டிச் சண்டையாகிவிடுகிறது. ஆகவே நம் யாருக்கும் பாத்தியதை இல்லாத ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன்: கம்ப்யூட்டரில் ஆடும் பழைய சாகச விளையாட்டுகள். இவற்றை இலக்கியம் என்று நிறுவுவது என் நோக்கமல்ல. ஆனால் இவற்றில் ஆடுபவன் புரிந்துகொள்ளாவிட்டால் கதை ஓர் அங்குலமும் நகராது. எது நியாயமான கடினம், எது போலிக் கடினம் என்பதை இங்கே சோதித்துப் பார்க்க முடிகிறது.

வில் க்ரவுதர் 1976இல் எழுதி, டான் வுட்ஸ் 1977இல் விரிவாக்கிய 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்'தான் இந்த வகைக்கு மூலம். படம் கிடையாது, எழுத்து மட்டும். குகையின் ஒரு பகுதியை அது சில வாக்கியங்களில் விவரிக்கும். ஆடுபவன் ஓரிரு சொற்களில் கட்டளை இட வேண்டும். ஓரிடத்தில் டிராகன் வழியை மறித்துக் கிடக்கிறது. கோடரியை எறிந்தால் பயனில்லை. கொல் என்று கட்டளையிட்டால், வெறுங்கையாலேயா கொல்லப்போகிறாய் என்ற பொருளில் விளையாட்டு எகத்தாளம் செய்கிறது. அந்த எகத்தாளத்துக்கு 'ஆமாம்' என்று பதில் சொல்வதுதான் விடை. டிராகன் செத்துப்போகிறது. எகத்தாளக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்ற நம் வாசிப்புப் பழக்கம்தான் இங்கே பூட்டு. ஒரு முறைதான் எடுபடும் வேடிக்கை இது. எனினும் விடை நம் கண்ணெதிரே, அந்த வாக்கியத்திலேயே கிடந்தது.

டக்ளஸ் ஆடம்ஸின் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட்' கதையை, அவரும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து 1984இல் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக விளையாட்டாக்கினார்கள். அதில் வரும் பேபல் மீன் காதில் புகுந்துகொண்டால் எந்த மொழியும் புரியும். பொத்தானை அழுத்தினால் இயந்திரம் மீனைத் துப்புகிறது. மீன் பறந்துபோய் எதிர்ச் சுவரின் ஓட்டைக்குள் மறைகிறது. ஓட்டைக்கு மேல் அங்கியைத் தொங்கவிட்டால், மீன் அதில் வழுக்கி விழுந்து தரைச் சாக்கடைக் கம்பிக்குள் போகிறது. அதைத் துண்டால் மூடினால், துப்புரவு ரோபோ ஓடிவந்து மீனைத் தூக்கிக்கொண்டு சுவரிலுள்ள சிறு கதவு வழியே வெளியேறுகிறது. கதவை ஒரு பையால் அடைத்தால் ரோபோ அதில் மோதி, மீன் மேலே எகிறுகிறது. அறையின் மேல்பாதியைச் சுத்தம் செய்யும் இன்னொரு ரோபோ பறந்துவந்து பிடித்துக்கொள்கிறது. கடைசியில், பையின் மேல் விளம்பரத் தபால்களை வைத்தால் அவை சிதறிப் பறக்கின்றன. மேல் ரோபோ அவற்றைப் பொறுக்குவதில் ஈடுபட்டிருக்கும்போது மீன் நம் காதில் வந்து விழுகிறது.

இதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தோல்வியும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. நமக்கு எதிரே உட்கார்ந்து காய் நகர்த்துகிறவராக ஆசிரியரே தெரிகிறார். ஈவிரக்கமில்லை, ஆனால் ஏமாற்று இல்லை. ஒரு கோளாறு உண்டு. அந்தத் தபால்களைக் கதையின் தொடக்கத்திலேயே, கதாநாயகனின் வீடு இடிக்கப்படுமுன் எடுத்திருக்க வேண்டும். விட்டிருந்தால் போனதுதான். பூட்டைக் காட்டுமுன் சாவியைத் தொலைக்கவிடும் இந்த வழக்கத்தை ரான் கில்பர்ட் 1989இல் எழுதிய கட்டுரையில் கண்டித்திருக்கிறார். அதை அவருடைய விளையாட்டுக்கு வரும்போது பார்ப்போம்.

போலிக் கடினத்துக்கு உதாரணம் 'கேப்ரியல் நைட்' மூன்றாம் பாகம், 1999. நாயகனுக்கு வாடகை மோட்டார் சைக்கிள் வேண்டும். அது அவன் நண்பன் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஆகவே நண்பனின் பாஸ்போர்ட்டைத் திருடி, நண்பனாக வேஷம் போட வேண்டும். அதற்கு மீசை. கொட்டகைக் கதவின் ஓட்டையில் ஒட்டுத்தாளை ஒட்டி, ஒரு பூனையை விரட்டி அதன் வழியே ஓடவிட்டு, தாளில் சிக்கிய பூனை மயிரைப் பாகு தடவி உதட்டுக்கு மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். நண்பனுக்கோ மீசையே கிடையாது. எனவே பாஸ்போர்ட்டில் உள்ள அவன் படத்துக்கும் பேனாவால் மீசை வரைய வேண்டும்.

நான் வங்கியில் வேலை செய்பவன். படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் அன்றாட வேலை. இந்த மீசையோடு என் கவுண்டருக்கு ஒருவர் வந்தால் முதலில் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பேன். எரிக் வோல்பா இந்தப் புதிரை 2000இல் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்து, சாகச விளையாட்டுகளை யாரும் கொல்லவில்லை, அவை தற்கொலை செய்துகொண்டன என்ற முடிவுக்கு வந்தார். இந்தப் புதிரில் தர்க்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. படிக்குப் படி தர்க்கம் இருக்கிறது. ஆனால் அது அமைத்தவரின் மண்டைக்குள் மட்டும் இருக்கிறது. விடையைக் கேட்டவன் 'அட' என்பதில்லை, 'அப்படியா' என்கிறான்.

கில்பர்ட்டுக்கு வருகிறேன். 1990இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' விளையாட்டில் வாள் சண்டையை ஜெயிப்பது கையல்ல, வாய். எதிரி ஒரு வசவை வீசுவான். அதற்குப் பொருத்தமான எதிர்வசவைச் சொன்னால் நம் கை ஓங்கும். தெரியாவிட்டால் தோல்வி. ஆனால் தோற்கும்போது அவன் வசவு நமக்குப் பாடமாகிவிடுகிறது. அதையே அடுத்தவன் மேல் வீசி, அவன் சொல்லும் பதிலையும் கற்றுக்கொள்ளலாம். இப்படித் தீவெங்கும் அலைந்து வசவும் பதிலுமாகச் சேர்த்துக்கொண்டு வாள் தலைவியிடம் போகிறோம். அவள் வீசும் வசவுகள் ஒன்றுகூட நாம் கேட்டவை அல்ல. திகைத்து நிற்கிறோம். பிறகுதான் தெரிகிறது: நம்மிடம் உள்ள பழைய பதில்களே அந்தப் புதிய வசவுகளுக்கும் பொருந்துகின்றன, வேறு அர்த்தத்தில். ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்தவன் இங்கே தோற்கிறான். ஒவ்வொரு வாக்கியத்தையும் அதன் சொந்த பலத்தில் கேட்டவன் ஜெயிக்கிறான். ஒரு சொல் புதிய இடத்தில் புதிய பொருள் கொள்வதைக் கையால் தொட்டு அறியும் இந்த அனுபவத்தை, நம் யாப்பு வகுப்புகளோ நான் படித்த ஆங்கில பி.ஏ.வோ எனக்குத் தரவில்லை.

ஆனால் அவரும் வழுக்குகிறார். 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பம்பைத் திருக வேண்டும். பியானோ வாசிக்கும் குரங்கொன்றை மெட்ரோனோமில் வாழைப்பழம் வைத்து மயக்கி, விறைத்துப்போன அதைக் கொண்டு திருக வேண்டும். காரணம், அந்தக் கருவிக்கு அமெரிக்காவில் 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். ஸ்பேனர் என்று சொல்லி வளர்ந்த லண்டன்காரனுக்கும் நம் பட்டறைக்காரருக்கும் இது எட்டாது. வாள் தலைவியின் புதிரில் மொழி திறக்கிறது. இங்கே அது ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டிக்கொள்கிறது.

கடைசியாக ஒன்று: ஆண்ட்ரூ ப்ளாட்கின் 1998இல் எழுதிய 'ஸ்பைடர் அண்ட் வெப்'. பிடிபட்ட ஒற்றன் நாற்காலியில் கட்டுண்டிருக்கிறான். விசாரிப்பவன் முன் தான் நுழைந்த கதையைச் சொல்கிறான். ஆடுவது அந்தக் கதையைத்தான். தவறாக ஆடினால், அப்படி நடந்திருக்க முடியாது என்று விசாரிப்பவன் மறுக்கிறான்; மறுபடி சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் நமக்கு உறைக்கிறது: இவ்வளவு நேரம் நாம் ஆடியதில் ஒரு பொய் இருக்கிறது, அந்தப் பொய்யைச் சொன்னவனும் நாம்தான். பொய் எங்கே என்று கண்டுகொண்டவன் கட்டுண்டபடியே ஒரே ஒரு கட்டளை கொடுக்கிறான். அது என்ன என்று எழுதப்போவதில்லை. கடந்துவந்த பக்கங்கள் அத்தனையும் அந்த ஒரு சொல்லில் புரண்டு வேறாகின்றன. விடை தெரிந்தபின்னும் புதிர் தீர்ந்துபோகவில்லை.

கடினமாக எழுத நமக்கு உரிமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விடையை வாசகன் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. கடந்த சில ஆண்டுகளில் நம் பத்திரிகைகளில் வந்த கவிதைகளை எடுத்து வைத்துக்கொண்டு, பூனை மயிர் மீசைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். என் கவிதைகளிலிருந்தே தொடங்கலாம்.