டச்சிங் பென்சில் வைத்த தரம்

மீடியம் ஃபார்மட் கேமராக்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல் எதுவானாலும் ஹாஸல்பிளாடில் தொடங்கி, ரோலைஃபிளெக்ஸில் நின்று, மற்றவற்றைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு முடியும். கள்ளக்குறிச்சிப் பக்கம் இன்னும் ஃபிலிம் போட்டுப் படமெடுக்கும் நாலு பேரை டீக்கடையில் உட்கார வைத்தால் பேச்சு யாஷிகாவில்தான் ஆரம்பிக்கும். கையில் காசில்லாதவர்களின் ருசி என்று இதை ஒதுக்கிவிடலாகாது. இதற்குப் பின்னால் ஒரு தொழில் இருக்கிறது. அந்தத் தொழில் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருந்தது. இன்றைய ஆர்வலர்கள் வாங்குகிற கேமராக்களில் பெரும்பாலானவை மூடிப்போன ஸ்டுடியோக்களின் அலமாரியிலிருந்து வந்தவை. கேமராவோடு ஸ்டுடியோக்காரரின் ருசியும் சேர்ந்தே கைமாறியிருக்கிறது.

மீடியம் ஃபார்மட் கேமராக்களில் ஓடும் 120 ரோலைக் கோடாக் நிறுவனம் 1901இல் தன் பிரௌனி பெட்டிக் கேமராவுக்காகக் கொண்டுவந்தது. சுமார் 6 செ.மீ. அகல ஃபிலிம், முதுகில் எண் அச்சிட்ட காகிதம். அதே ரோலில் 6×6 என்றால் 12 படம், 6×4.5 என்றால் 16, 6×7 என்றால் 10. சதுர நெகடிவின் உண்மையான பக்கம் 56 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் 35 மி.மீ. நெகடிவைப் போல மூன்றரை மடங்குக்குச் சற்று மேல். பெரிதாக்கும்போது மணல்மணலாகத் தெரியாது, சாம்பல் நிறங்கள் படிப்படியாக இறங்கும் என்பதெல்லாம் எல்லோரும் சொல்லும் காரணங்கள். நம் ஊர் ஸ்டுடியோக்காரர் 120ஐ விடாமல் பிடித்துக்கொண்டதற்கு வேறு ஒரு காரணம் இருந்தது. அதுதான் டச்சிங்.

சாய்வான மேசை. நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு முகக்கண்ணாடி. நெகடிவின் மருந்துப் பக்கத்தில் பென்சில் பிடிப்பதற்காக மெல்லிய வார்னிஷ் தடவுவார்கள். கெட்டியான பென்சிலை ஊசிபோல நீளமாகச் சீவி, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றிச் சுருக்கம் ஆகியவை நெகடிவில் வெளிறிக் கிடக்கும் இடங்களில் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். நெகடிவில் கறுத்த இடம் பிரிண்டில் வெளுக்கும். முகம் துலங்கிவிடும். பெண் பார்க்க அனுப்பும் படமோ, வீட்டுச் சுவரில் மாட்டும் படமோ, டச்சிங் இல்லாமல் வெளியே போகாது. 35 மி.மீ. நெகடிவில் முகம் சில மில்லிமீட்டர்தான். அதில் பென்சில் வைக்க எந்தக் கைக்கும் வராது. ஆகவே நெகடிவ் அளவை முடிவு செய்தது டச்சிங் மேசை. லென்ஸின் தரத்தையும் அதுவே முடிவு செய்தது என்பேன்.

இரட்டை லென்ஸ் கேமராதான் இந்த ஸ்டுடியோ மரபின் முதன்மையான மரபினம். ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே - ஹைடெக்கே நிறுவனம் 1929இல் ரோலைஃபிளெக்ஸை வெளியிட்டது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. அந்த வடிவத்தை ஜப்பானும் சீனமும் ரஷ்யாவும் எடுத்துக்கொண்டன. பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா டெல்லியில் ரோலைஃபிளெக்ஸில் எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் தகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலத்தில் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் யாஷிகா. சிங்கப்பூரிலிருந்து வந்தவரின் பெட்டியில் வந்தது, சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது, பழசாகக் கைமாறியது என்று அதற்குப் பல வழி. யாஷிகா 635 என்ற மாடலில் ஓர் இணைப்பைப் போட்டால் 35 மி.மீ. ஃபிலிமும் ஓடும். ஒரே பெட்டியில் இரண்டு கேமரா என்றால் எந்த முதலாளி வேண்டாம் என்பார்?

லென்ஸ் விவகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 635இலும் யாஷிகா டி-யின் பல பிரதிகளிலும் இருப்பது மூன்று கண்ணாடிகள் கொண்ட யாஷிகார். யாஷிகா மேட் 124ஜி-யில் இருப்பது நான்கு கண்ணாடி யாஷினான். 1902இல் ஜெய்ஸ் நிறுவனத்தில் பால் ரூடால்ஃப் உருவாக்கிய டெஸ்ஸார் அமைப்பின் வழிவந்தது. விலையுயர்ந்த ரோலைஃபிளெக்ஸில் அதற்கும் மேலே பிளானார், ஜெனோட்டார். முழுதாகத் திறந்து எடுத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். யாஷிகாரில் நடுப்பகுதி கூர்மையாகவும் மூலைகள் குழைந்தும் வரும், பிளானாரில் மூலைவரை கூர்மை. எஃப் 8, எஃப் 11 என்று மூடிவிட்டால் சாதாரண அளவுப் பிரிண்டில் எது எதுவென்று சொல்ல எனக்கு வராது. சொல்ல வரும் என்பவர்களை நான் நம்புவதுமில்லை. ஸ்டுடியோக்காரர் கணக்கு இன்னும் சுவையானது. பிளானார் ஒவ்வொரு தழும்பையும் எண்ணிக் கொடுக்கும், டச்சிங் மேசையில் வேலை இரட்டிப்பாகும். யாஷிகார் பாதித் தழும்பைத் தானே தின்றுவிடும். மூலை குழைந்தால் என்ன, மூலையில் இருப்பது திரைச்சீலைதானே!

பெட்டிக் கேமரா மரபினத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 நடுத்தர வீடுகளின் முதல் கேமரா. எளிய லென்ஸ், ஒரே வேகச் சட்டர், அதே 120 ரோல். அதற்கான கறுப்பு வெள்ளை ரோல் ஊட்டியிலேயே தயாரானது. 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் விற்றது. இன்று அந்த ஆலை இல்லை. கிளிக் 3 மட்டும் பரண்களில் இருக்கிறது, இன்னும் வேலையும் செய்கிறது.

ஒற்றை லென்ஸ் மரபினத்துக்குத் தலைமை சுவீடனின் ஹாஸல்பிளாட். 1957இல் வந்த 500சி-யும் ஜெய்ஸ் பிளானார் 80 மி.மீ. லென்ஸும் சேர்ந்து ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டன. புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கின் கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் இதில் உருவானவை. 2022இல் அந்த நிறுவனத்தின் பெயரிலான விருதும் அவருக்குக் கிடைத்தது. அழகான கருவி என்பதில் மறுப்பில்லை. சட்டரைச் சுண்டி வைக்காமல் லென்ஸைக் கழற்றி மாட்டினால் சிக்கிக்கொள்ளும், ஸ்க்ரூடிரைவர் தேட வேண்டும். பழுது பார்ப்பவர் சென்னையிலோ பெங்களூரிலோதான். மரபு என்பது பழுது பார்க்கும் தூரத்தையும் பொறுத்தது.

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் கூவாகத்தில் சித்திரையில் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். உச்சி வெயில், முகத்தில் கடும் நிழல். ஃபிளாஷ் அடித்து நிழலை நிரப்ப வேண்டும். ஹாஸல்பிளாட் லென்ஸிலும் யாஷிகா மேட்டிலும் சட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/500 நொடியிலும் ஃபிளாஷ் சேர்ந்து எரியும். நூறு வேக ஃபிலிமில் எஃப் 8 போதும். 1969இல் வந்த பென்டாக்ஸ் 6×7-இல் ஃபிளாஷ் சேரும் வேகம் 1/30 மட்டுமே. அந்த வெயிலில் எஃப் 32 வேண்டியிருக்கும், அதன் புகழ்பெற்ற 105 மி.மீ. எஃப் 2.4 லென்ஸ் எஃப் 22-க்கு மேல் மூடாது. லட்சணமான லென்ஸ்தான், நம் சித்திரை வெயிலுக்குச் செய்தது அல்ல. இந்த ஒரு விஷயத்தில் பழைய யாஷிகாவும் ஹாஸல்பிளாடும் ஒரே வரிசையில் உட்காருகின்றன.

இடுப்புயரத்தில் வைத்துக் குனிந்து பார்க்கும் கேமரா எதிரே நிற்பவரை வணங்குவதுபோல் இருக்கிறது என்று சிலர் உருகுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. குனிந்து பார்ப்பவர் எப்போது பொத்தானை அழுத்தினார் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிவதே இல்லை. கூவாகத்தில் ஒரு திருநங்கையையோ, கல்வராயன் மலையில் சாமை புடைக்கும் ஒரு மலையாளிப் பழங்குடிப் பாட்டியையோ எடுக்கும்போது வாய்விட்டுக் கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை.

எந்த மரபினத்திலும் அடங்காத ஒருவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கை எழுத்தாளர், 1996இல் மறைந்தார். ஒரு நிறுவனத்தின் உடல், இன்னொன்றின் லென்ஸ், வீட்டில் செய்த இணைப்புகள் என்று சேர்த்துக் கட்டிய கனத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டெரோஸா' என்று கேலியாகப் பெயரிட்டிருந்தார். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்ததுபோல வண்ணத்தில்கூட எடுத்தவர்கள் குறைவு. பிராண்டு பார்க்கும் நோய்க்கு அவர் பெயரைச் சொல்வதே மருந்து.

கட்டடம் எடுப்பவர்களுக்குச் சதுர நெகடிவ் வேறு ஒரு வசதி தருகிறது. திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தைக் கேமராவை அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாயும். தள்ளி நின்று, கேமராவை மட்டமாக வைத்து எடுத்தால் மேல்பாதியில் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். கீழ்ப்பாதித் தெருவை வெட்டி எறியலாம். எறிந்தது போக மிச்சமிருக்கும் துண்டும் ஒரு முழு 35 மி.மீ. நெகடிவைவிடப் பெரிது.

கழுவும் முறையிலும் நம் ஊருக்கென்று ஒரு தரம் உண்டு. டெவலப்பர் டப்பாவில் 20 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். சித்திரையில் கள்ளக்குறிச்சிக் குழாயில் 30-க்குக் குறைந்து வராது. சூட்டில் ஃபிலிமின் மருந்து இளகும். மண்பானைத் தண்ணீர், ஐஸ்கட்டி, ஹைப்போவோடு படிகாரம் என்று அந்தக்கால இருட்டறைக்காரர்கள் சமாளித்தார்கள். படிகாரம் மருந்தை இறுக்கிப் பிடிக்கும். வேதியியல் புத்தகமும் அதையே சொல்கிறது. லென்ஸுக்கு எதிரி ஐப்பசி, கார்த்திகை. மழை ஓய்ந்தபின் கேமராவைத் தோல் உறையோடு பீரோவில் வைத்தால் பங்கஸ் நிச்சயம், தோல் ஈரத்தை விடாது. பழைய ஸ்டுடியோ யாஷிகா வாங்குபவர் சட்டரை ஒரு நொடியில் வைத்துக் காதில் கேட்க வேண்டும். பின்கதவைத் திறந்து, சட்டரைத் திறந்தபடி பிடித்து, லென்ஸ் வழியே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேல் லென்ஸில் சிலந்திவலை போலப் பங்கஸ் இருந்தால் பரவாயில்லை. கீழ் லென்ஸில் இருந்தால் விலையைப் பாதியாக்குங்கள்.

ஸ்டுடியோ மூடும்போது கேமராவுக்கு விலை கிடைக்கிறது, நெகடிவ் பெட்டிகளைத்தான் யாரும் கேட்பதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோ நெகடிவ்களையும் படங்களையும் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தில் ஸ்கேன் செய்திருக்கிறது. நாமும் பெட்டி கிடைத்தால் ஸ்கேன் செய்யலாம். அப்போது கீறல் நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். பென்சில் புள்ளிகளையும் கீறல் என்று எண்ணி அது துடைத்துவிடும்.

இன்று 120 ரோல் தட்டில்லாமல் கிடைக்கிறது. இல்ஃபோர்ட் எச்.பி.5, கோடாக் டிரை-எக்ஸ், செக் நாட்டு ஃபோமாபான் ஆகியவை கறுப்பு வெள்ளையில். 2022இல் கோடாக் கோல்டு 200 வண்ண ரோலும் 120 அளவில் திரும்ப வந்தது. கல்வராயன் மலைக்கு நான் சொல்வது 400 வேகம். வெள்ளிமலை சாலையில் வெயில் அடித்தாலும் 'மேகம்' அருவிக்கு இறங்கும் பாதையில் மரநிழல் இரண்டு மூன்று ஸ்டாப் தின்றுவிடும்.

கல்வராயனுக்கு ஒரே ஒரு கேமரா என்று கேட்டால் யாஷிகா மேட் என்பேன்; சுமார் ஒரு கிலோ, மீட்டர் செத்திருந்தாலும் கேமரா ஓடும். மாமியா சி330 இருப்பவர்கள் அதையே எடுத்துப் போகட்டும். பெல்லோஸ் நீட்டிப் பூவுக்குப் பக்கத்தில் போகலாம், லென்ஸும் மாற்றலாம், அரை கிலோ கூடும். மாமியா ஆர்.பி.67-இன் நெகடிவுக்கு ஈடில்லை. லென்ஸும் ஃபிலிம் பெட்டியும் சேர்த்து இரண்டரை கிலோவுக்கு மேல். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பேருந்தில் அதை ஏற்றிவிடலாம். அருவிக்கு இறங்குவதற்கு முன் தூக்கப்போகிறவரின் தோளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.