சுவரில் நெரியும் முகங்கள்

தேனியிலிருந்து குமுளி செல்லும் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் மாறும். சுவரொட்டிகளின் அமைப்பு மாறுவதில்லை. மேலே சாமி அல்லது தலைவர் படம், நடுவில் விழா நாயகர், கீழே வரிசை வரிசையாகப் பாஸ்போர்ட் அளவு முகங்கள். காதணி விழா, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் இதே அச்சுதான். பேருந்து ஜன்னலோரம் இருப்பவர் கண்ணில் முகங்கள் படும். எந்த மண்டபம், என்றைக்கு என்பது படாது.

இதை ரசனைக் குறைவு என்று ஒதுக்குவது அநியாயம். காதணி விழாச் சுவரொட்டியில் தாய்மாமன் படம் சிறுத்துவிட்டால் அது உறவில் விரிசலாகும். செலவைப் பகிர்ந்தவர், முன்னின்று உழைத்தவர், வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர் என ஒவ்வொருவருக்கும் சுவரில் ஓர் இடம் உண்டு. செய்தித்தாளில் ஒருநாளும் பெயர் வராத குடும்பத்துக்கு அந்தக் காகிதம் ஊரறிய ஒரு மரியாதை. துக்க வீட்டுச் செய்தியை ஒரே இரவில் ஊர் முழுக்கச் சேர்ப்பதிலும் மைதா பசைக்கு இணை குறைவு. குறை எங்கே என்றால், மரியாதை செய்வதும் செய்தி சொல்வதும் ஒரே தாளில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. தோற்பது எப்போதும் செய்திதான்.

தொழில்நுட்பமும் இதற்கு ஒரு காரணம். பெரிய மர எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில் சொற்களைச் சுருக்கியே ஆகவேண்டும். பாரிஸில் 1891இல் துலூஸ் லோத்ரெக் வரைந்த மூலான் ரூஜ் சுவரொட்டிக்கும் இதே கட்டாயம் இருந்தது. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேண்டும் என்பதால் சில நிறங்களிலேயே அவர் ஆட்டக்காரியை நிறுத்திக் காட்டினார். கணினியும் ஆஃப்செட்டும் வந்தபின் அந்தக் கட்டாயம் போயிற்று. ஐம்பது முகம் சேர்த்தாலும் அச்சுக்கூலி கூடுவதில்லை, யாரையும் விடவேண்டியதில்லை.

குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே சான்று இருக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக்கின் மீசை முகம் இங்கே வீடுகளிலும் கடைகளிலும் மாட்டப்பட்டிருக்கிறது. அந்த முகமும் பின்னால் அணையும் இருந்தால் போதும், விளக்கம் வேண்டியதில்லை. நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தபின், 142 என்ற எண்ணே விவசாயிக்கு ஒரு முழுச் செய்தி. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். அவர் வராத தொகுதியில் அவருடைய படமும் இரட்டை இலையும் வாக்குக் கேட்டன. ஊர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் ஒன்றைத் தேர்ந்து பெரிதாக வைப்பதே நல்ல வடிவமைப்பின் முதல் வேலை.

எழுத்தில் செய்யும் பிழை இன்னும் கவனிக்க வேண்டியது. ண, ணை, ழு போன்ற எழுத்துகள் சுழியும் வளைவுமாக இருப்பவை; உள்ளிருக்கும் வெற்றிடம்தான் அவற்றை அடையாளம் காட்டுகிறது. டி.டி.பி. கடையில் அவற்றுக்கு வெள்ளை விளிம்பு, அதன்மேல் சிவப்பு விளிம்பு, கீழே நிழல் என்று ஏற்றும்போது வெற்றிடம் அடைபட்டு, பத்தடி தள்ளி நின்றால் எழுத்து கறையாகிவிடுகிறது. மஞ்சள் பின்னணியில் தடித்த கறுப்பு எழுத்து, நிழலே இல்லாமல், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்தும் படிக்கக் கிடைக்கும்.

ஃபிளெக்ஸ் பேனர் இந்தக் குறைகளை அளவில் பெருக்கியதோடு ஆபத்தையும் சேர்த்தது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்ததில் இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் உயிரிழந்தார். காகிதச் சுவரொட்டி அப்படி உயிரைப் பறிப்பதில்லை, மழையில் கரைந்தும் போகிறது. ஆனாலும் அடுத்தவர் சுவரில் அனுமதி கேளாமல் ஒட்டுவது தவறுதான்.

உறவினர் படங்கள் அனைத்தும் அழைப்பிதழிலும் வாட்ஸாப் படத்திலும் தாராளமாக இடம்பெறட்டும். சுவருக்குப் போகும் தாளில் ஒரு முகம், ஒரு செய்தி, பெரிய எழுத்தில் நாளும் நேரமும் இடமும் போதும். அச்சுக்குக் கொடுக்குமுன் மாதிரித்தாளை ஒரு சுவரில் ஒட்டி, சாலையின் எதிர்ப்புறம் நின்று பாருங்கள். தேதி தெரியவில்லை என்றால் முகங்களைக் குறைக்கச் சொல்லுங்கள்.