தலைகீழ் வகுப்பறையும் அறபு இலக்கணமும்

விளக்கத்தை ஒளிப்பதிவாக வீட்டுக்கு அனுப்பிப் பயிற்சியை வகுப்பறைக்குக் கொணரும் முறை 'தலைகீழ் வகுப்பறை' எனப்படுகிறது. 2007ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனதன் பேர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்னும் இரசாயனவியல் ஆசிரியர்கள், பாடங்களைத் தவறவிட்ட பதின்வயது மாணவருக்காகக் கையாண்ட இம்முறை, இன்று ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்க்கு அறபு இலக்கணம் புகட்டவும் பரிந்துரைக்கப்படுகிறது. ஹெகலை மார்க்ஸ் நிமிர்த்திவைத்ததை நினைவூட்டும் பெயர், செயலோ வேறு.

அறபு இலக்கணக் கல்வி பற்றிய அதிருப்தி நீண்ட வரலாறுடையது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே குர்துபாவின் இப்னு மழா, சொல்லிறுதி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் அதனை ஆளும் காரணியைத் தேடிய இலக்கணகாரரை மறுத்தெழுதினார். 1937இல் எகிப்தியரான இப்றாஹீம் முஸ்தபா, இறுதி அகரம் எளிய உச்சரிப்பேயன்றிப் பொருட்குறியன்று என வாதிட்டார். ஆயின் கற்பித்தலில் மெய்யான திருப்பம், அலீ அல்ஜாரிமும் முஸ்தபா அமீனும் எழுதிய 'அந்நஹ்வுல் வாழிஹ்' பாடநூல்களில் நிகழ்ந்தது எனலாம். அங்கு எடுத்துக்காட்டுகள் முதலில் வரும். அவற்றை ஆராய்ந்த பின்னரே விதி வரும். விதியை முன்னதாக விரித்துரைக்கும் ஒளிப்பதிவு, இவ்வொழுங்கைக் கைவிட்டுப் பழைய மனன மரபுக்கே மீள்கிறது. கருவி புதிது, கல்விநோக்கு பழையது.

இதனினும் அடிப்படையானது வீடு பற்றிய வினா. 'சிறுவன்' என்னும் சொல் எழுத்தறபில் வாக்கிய நிலைக்கேற்ப அல்வலது, அல்வலத, அல்வலதி என ஈறு மாறும். கெய்ரோச் சிறுவனின் நாவில் இவை மூன்றும் 'இல்வலத்' என்ற ஒன்றே. அவ்வீற்று உயிர்கள் பொதுவாக எழுத்திலும் இடப்படுவதில்லை. 1959இல் பேர்குசன் இருவழக்குநிலை பற்றி எழுதுகையில் அறபையும் எடுத்துக்காட்டியது தற்செயலன்று. தமிழின் பேச்சு, எழுத்து வழக்குகளை அறிந்த எமக்கும் இது அந்நியமன்று. எவர் வீட்டிலும் பேசப்படாத மொழியின் இலக்கணத்தை வீட்டிடம் ஒப்படைக்கும்போது, படித்த பெற்றோரும் தனியார் போதனைக்குப் பணமுமுள்ள குடும்பம் ஈடுகொடுக்கும். ஒரே கையடக்கத் தொலைபேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச்செல்லும் தொழிலாளர் குடும்பம் என்செய்யும்? வர்க்க வேறுபாடு இங்கு வீட்டுப்பாடமாக உருமாறுகிறது.

இம்முறையால் வகுப்பில் நேரம் மிஞ்சுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்நேரத்தில் சிறுவர் ஈறுகளோடு வாய்விட்டு வாசித்து, தாமே வாக்கியம் அமைத்து, ஆசிரியர் ஒவ்வொருவரையும் செவிமடுப்பாராயின் பயன் பெரிது. நெரிசலான வகுப்பிலோ அது வெற்றிடம் நிரப்பும் பயிற்சித்தாளாகவே முடியும். ஒளிப்பதிவு வேண்டுமெனில், எழுத்தறபில் உயிர்ப்போடு சொல்லப்பட்ட கதைகளைப் பாடசாலையிலேயே எல்லாரும் கேட்கட்டும். விதியை அக்கதைகளிலிருந்து சிறுவர் ஆசிரியரோடு சேர்ந்து கண்டறியட்டும்.