பைட்டர் மீனுக்கு எந்த மூடி? தீவகத்தில் பாவித்துப் பார்த்த மூன்று

யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ பைட்டர் மீன் கொண்டுபோகிறவர் மீனை வாங்கியிருப்பார், தொட்டியை வாங்கியிருப்பார், தீனியையும் வாங்கியிருப்பார். மூடி மட்டும் இருக்காது. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் மீன் நிலத்தில் காய்ந்து கிடக்கும். அழகுக்காக வாங்கும் எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது மூடிதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் எந்த மூடி என்பதைத் தீவகத்தின் காற்றும் தண்ணீரும்தான் தீர்மானிக்கின்றன.

பாய்வது இந்த மீனின் பிறவிக்குணம். தாய்லாந்தின் வயல்களிலும் ஆழமற்ற சதுப்புகளிலும் வாழ்ந்த இனம் இது. 2019இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. செவுளோடு லபிரிந்த் என்ற உறுப்பும் இருப்பதால் மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கும். உடம்பு ஈரமாக இருக்கும் வரை தண்ணீருக்கு வெளியேயும் கொஞ்ச நேரம் உயிர் தாங்கும். தொட்டியில் அதைப் பாயவைப்பவை பெரும்பாலும் நாம் செய்பவையே: கழிவு சேர்ந்து அமோனியா ஏறிய தண்ணீர், வேகமாக நீர் தள்ளும் பில்டர், இருட்டில் திடீரென்று போடும் லைட், பக்கத்துத் தொட்டியில் தெரியும் இன்னொரு ஆண் மீன். தண்ணீரைச் சரிசெய்யாமல் மூடியை மட்டும் போட்டால், மீன் மூடியில் மோதிக் காயப்படும். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே நாலைந்து சென்ரிமீற்றர் காற்று இருப்பதும் கட்டாயம். அது இல்லாவிட்டால் மீனால் மூச்செடுக்க முடியாது.

ஊர்காவற்றுறையில் ஒரு வீட்டு விறாந்தை. தொட்டி 30 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம். 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிரப்பினால் 12 லீற்றர் பிடிக்கும். இதன் மேல்தான் மூன்று மூடிகளையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் வலை. தீவகத்தில் பழைய மீன்பிடி வலைத் துண்டு இல்லாத வீடு குறைவு, அதனால் கை முதலில் அதற்குத்தான் போகும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள். செவுள் வலை மீனின் தலையை உள்ளே விட்டுச் செவுளில் இறுக்குவதற்கென்றே செய்தது. பாய்கிற பைட்டரையும் அப்படியே பிடித்துத் தொங்கவைக்கும். ஜன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலையை பி.வி.சி சட்டத்தில் இழுத்துக் கட்டினால் அந்த ஆபத்து இல்லை. காற்று தாராளமாகப் போகும், விலையும் குறைவு, பல்லி விழாது. இரும்புக் கம்பிவலை உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தண்ணீருக்குள் உதிரும், அதையும் தவிர்க்க வேண்டும்.

நுளம்பு வலையில் என் குறை இரண்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பாரம் இல்லாத சட்டத்தைக் காற்று தூக்கிவிடும். நாலு பக்கமும் கிளிப் போட்டே ஆகவேண்டும். மற்றது இதைவிடப் பெரிது. அதே காற்று தொட்டித் தண்ணீரை மளமளவென்று வற்றவைக்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் சுண்ணமும் தொட்டியிலேயே தங்கும். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் தோண்டியவை, பலவற்றில் உவர் வேறு. வற்றிய அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால், தொட்டித் தண்ணீர் வரவரக் கடினமாகும். தண்ணீர் பவுசர் வரும் நாளைப் பார்த்துக் குடிதண்ணீர் சேமிக்கும் வீட்டில், மீனுக்காக அடிக்கடி நல்ல தண்ணீர் எடுக்கவும் மனம் வராது.

அடுத்தது 3 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸ். எளிதில் உடையாது, பாரம் குறைவு, சூடாக்கிய கம்பியால் ஓட்டை போடலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதுவே நல்லது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஆனால் தண்ணீர்ப் பக்கம் இருக்கும் அடிப்புறம் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேற்புறம் காய்ந்தபடியே இருக்கும். தகடு நடுவில் தாழ்ந்து, ஓரங்கள் மேலே எழும்பும். மீன் வெளியே பாய அந்த இடைவெளி போதும். கிழமைக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால் ஓரளவு நேராகும். மறக்காமல் அதைச் செய்யக்கூடியவர் மட்டும் வாங்கலாம்.

கடைசியாகக் கண்ணாடி. இந்த அளவுக்கு 4 மில்லிமீற்றர் கண்ணாடி ஏறக்குறைய 600 கிராம் வரும். சோளகம் அசைக்காது, மீன் முட்டியும் அசையாது. கண்ணாடி வெட்டும் கடையில் ஒரு மூலையை மூன்று சென்ரிமீற்றர் முக்கோணமாக வெட்டச் சொல்லுங்கள். காற்றும் தீனியும் பில்டர் குழாயும் அந்த வழியால் போகும். ஓரங்களை உரசி மழுக்கித் தரச் சொல்வது முக்கியம். வெட்டிய மூலையின் மேல் நுளம்பு வலைத் துண்டு ஒன்றைச் சிலிக்கனால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிவிட்டால் அது கதவு போலத் திறக்கும். அந்த வலையை ஒட்டாமல் விடவே கூடாது, தன் உடம்பு நுழையும் ஓட்டை எதுவானாலும் பைட்டர் அதனால் வெளியேறும்.

கண்ணாடிக்குக் கீழே காற்று இளஞ்சூடாகவும் ஈரமாகவும் நிற்கும். லபிரிந்த் உறுப்பு வளர்ந்துவரும் குஞ்சுகளுக்கு இது மிக நல்லது. தண்ணீர் வற்றுவதும் வெகுவாகக் குறையும். உள்ளே நீர்த்துளி கோர்த்து மீன் மங்கலாகத் தெரிவதும், காயும்போது வெள்ளைச் சுண்ணக்கறை படிவதும் இதன் தொல்லைகள். மூடியைக் கழற்றி, தொட்டிக்குத் தூரமாகக் கொண்டுபோய் வினாகிரியால் துடைத்துக் கழுவினால் கறை போகும். மதிய வெயில் நேரே விழும் இடத்தில் மட்டும் மூடிய தொட்டியை வைக்காதீர்கள், தண்ணீர் 30 பாகைக்கு மேல் ஏறிவிடும்.

தண்ணீரின் மட்டத்தைக் குறைப்பதோ, மிதக்கும் செடி போடுவதோ மூடிக்குப் பதிலாகாது. செடி மீனை அமைதிப்படுத்தும், அவ்வளவுதான். தொட்டிக்கென்று வாளியில் ஊறவிடும் தண்ணீரையும் மூடி வையுங்கள். தொட்டியில் உண்டாகும் நுளம்புக் குடம்பியைப் பைட்டர் தின்றுவிடும், வாளியில் தின்ன யாரும் இல்லை. டெங்கு அங்கேதான் தொடங்கும்.

தீவகத்து வீட்டுக்கு என் தேர்வு மூலை வெட்டி வலை ஒட்டிய கண்ணாடி மூடி. கண்ணாடிக்கு வசதி இல்லாதவர் கிளிப் போட்ட நுளம்பு வலையோடு மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பாவிக்கலாம். இவ்வளவுக்கும் பிறகு மீன் நிலத்தில் கிடந்தால், காய்ந்துவிட்டது என்று உடனே எறிந்துவிடாதீர்கள். கையை நனைத்து மெதுவாக எடுத்து, அதே தொட்டித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். செவுள் அசைந்தால் அது பிழைக்க இடமுண்டு.