எந்தப் பழைய மருந்தோடு ஒப்பிட்டார்கள்?

திருவொற்றியூரில் இருக்கும் என் பெரியப்பா மகன் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். மனச்சோர்வுக்கு இரண்டு மருந்துகளை முழு அளவில், போதுமான வாரங்கள் சாப்பிட்டும் சரியாகவில்லை. போன மாதம் வாட்ஸப்பில் ஒரு செய்தியை அனுப்பி, "தம்பி, மூக்குல அடிக்கிற மருந்து வந்துருக்காமே, பழசவிட நல்லதா?" என்று கேட்டார்.

நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுபவன். ஆனாலும் செய்திக்குப் பின்னால் இருந்த ஆய்வைத் தேடிப் படித்தேன்.

அந்த மருந்து எஸ்கெடமைன். 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த எஸ்கேப்-டிஆர்டி ஆய்வில் 676 பேர். ஏற்கெனவே எடுத்துவந்த மாத்திரையோடு பாதிப் பேருக்கு எஸ்கெடமைன், மீதிப் பேருக்கு க்யூட்டியாபின். எட்டாவது வாரத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய நீங்கியவர்கள் முதல் குழுவில் 27.1%, இரண்டாவதில் 17.6%.

வித்தியாசம் இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்குப் பணம் தந்தது மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம். தனக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்குத் தெரியும். மதிப்பிட்டவருக்கு மட்டும்தான் தெரியாது. 'பழசு' என்று நிறுத்தியது க்யூட்டியாபினை மட்டும். லித்தியமும் நார்ட்ரிப்டிலினும் போட்டியிலேயே இல்லை. எங்க தொழிலில் புது வெர்ஷன் வேகம்னு சொன்னா, எதோட பெஞ்ச்மார்க் பண்ணீங்கன்னுதான் முதல்ல கேட்போம்.

பழசும் அற்புதம் செய்துவிடவில்லை. அதே ஆண்டு வந்த ஆப்டிமம் ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் லித்தியம் சேர்த்தபோது குணமானவர்கள் 18.9%, நார்ட்ரிப்டிலினுக்கு மாறியவர்களில் 21.5%. ஆட்கள் வேறு, வயது வேறு. இந்த எண்களை அந்த எண்களோடு நேராக வைத்துப் பார்க்க முடியாது.

இனி அண்ணனின் வாழ்க்கைக்கு வருவோம். ஸ்பிரேயை மருத்துவமனையில் வைத்துத்தான் அடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கண்காணிப்பு, மறுநாள் வரை வண்டி ஓட்டக் கூடாது. முதல் நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை. எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசையில் நின்று டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அது எட்டு நாள் கூலி.

லித்தியம் சில ரூபாய் மாத்திரை. ஆனால் ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்கணும். வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் வற்றினால் அளவு ஏறும். டைக்ளோஃபெனாக் போட்டாலும் ஏறும்.

எந்த ஆய்வின் அட்டவணையிலும் டிரெய்லர் ஓட்டுநருக்கு என்று ஒரு கட்டம் இல்லை. அதனால் அண்ணனிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "புதுசா பழசான்னு அப்புறம் பாக்கலாம். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. என்ன வேலை பாக்குறீங்க, இடுப்பு வலிக்கு என்ன மாத்திரை போடுறீங்கன்னு டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க."

இடுப்பு வலி மாத்திரையைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லையாம். இவரும் சொல்லவில்லை.